நிலுவையில் உள்ள ஆங்கிலச் சொற்கள்

எழுபத்தொன்றாவது வயதில் நாளொன்றுக்கு ஐந்து வீதம் ஆங்கிலச் சொற்களைக் கற்க ஆரம்பித்தேன். அறிவுப் பசி என்று யாரும் தவறாக நினைத்துவிடக் கூடாது. கோபம்தான் காரணம்.

என் மகளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். அவளுடைய மாமனார், அதாவது என் சம்பந்தி, ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் கடலூரில் நீதிமன்றத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்துத் தலைமை எழுத்தராக வெளியே வந்தவன். மாப்பிள்ளை புது வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது சம்பந்தி மைக்கைப் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். அவருடைய பழைய மாணவர்கள் இருபது பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்காக என்று நினைக்கிறேன். மாடியில் இலை போட்டு, உப்பும் ஊறுகாயும் வைத்தாகிவிட்டது. பேச்சு முடியவில்லை. எனக்கு சர்க்கரை வியாதி. பசியை மறக்க நான் எதையாவது எண்ணுவது வழக்கம். அன்றைக்கு அவருடைய ‘ஆக்சுவலி’களை எண்ணினேன். நாற்பத்தொரு நிமிஷத்தில் அறுபத்து மூன்று.

எண்ணியதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியின் தம்பியிடம், “மச்சான், அறுபத்து மூணு” என்று சொல்லிவிட்டேன்.

“என்னா மாமா அறுபத்து மூணு?”

விளக்கினேன். அவன் சிரித்த சிரிப்பில் முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பந்தி முடிவதற்குள் அந்த எண் மாடியிலிருந்து கீழே இறங்கி, தாம்பூலப் பை கொடுக்கிற இடம்வரை போய்விட்டது. அன்று மாலையே சம்பந்தி என்ன சொன்னார் என்பதையும் அதே மச்சான்தான் வந்து சொன்னான். எதையும் ஒரு பக்கமாக மட்டும் கொண்டுபோகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

“‘கோர்ட்டுல வாய்தா எண்ணுனவருக்கு வேற என்னா காதுல விழும்? அவருக்கு இங்கிலீஷ்ல மொத்தமே இருநூறு வார்த்த, அதுல நூறு ஹியர்பை’ன்னாரு மாமா. எல்லாரும் சிரிச்சுட்டாங்க.”

“நீ?”

“நான் லேசாத்தான் சிரிச்சேன்.”

வீட்டுக்கு வந்து நான் எழுதிய பழைய வரைவுகளின் நகல்களை எடுத்து, அவற்றில் எத்தனை வெவ்வேறு சொற்கள் இருக்கின்றன என்று மூன்று நாள் உட்கார்ந்து பார்த்தேன். இருநூறு அல்ல. முந்நூற்றுப் பன்னிரண்டு. ஹியர்பை, அதாவது ‘இதன்மூலம்’, அவற்றில் ஒன்றுதான். அது நிறைய இடங்களில் வருகிறது என்பது வேறு விஷயம். ஆனால் முந்நூற்றுப் பன்னிரண்டைச் சொல்லி ஒருவரை ஜெயிக்க முடியாது என்பதும் தெரிந்தது. நான்காம் நாள் இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி, கோடு போட்டேன்.

வரிசை எண், தேதி, சொல், தமிழில் பொருள், கடைசியில் பைசல் என்று ஐந்து பத்திகள். பைசல் என்றால் எங்கள் அலுவலகத்தில் ஒரு கோப்பின் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். கோப்பைப் படித்துவிட்டதால் அது பைசலாகாது. உத்தரவு வந்து, நகல் போய், உரியவர் கைக்குச் சேர்ந்தால்தான் ஆகும். அதுவரை நிலுவை. சொல்லுக்கும் அதே விதியை வைத்தேன். பொருள் தெரிந்தால் போதாது. உயிரோடு இருக்கிற மனிதர்களிடம் மூன்று தடவை பயன்படுத்தினால்தான் அந்தச் சொல் பைசல்.

விதி நல்ல விதிதான். மனிதர்கள் கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போவேன். திரும்பும்போது மீன் வாங்குவேன். அங்கே ஓர் அம்மாவிடம், சங்கரா மீனின் விலை எக்ஸார்பிடன்டாக இருக்கிறது என்றேன். அளவுக்கு மிஞ்சியது என்று பொருள். வரிசை எண் நாற்பத்தேழு.

“இன்னா சாரு, காலங்காத்தால திட்ற?”

“திட்டலைம்மா. விலை ஜாஸ்தின்னு சொன்னேன்.”

“அத அப்படியே சொல்றதுக்கு இன்னா? மீனு நாறிப்போச்சுங்கறியோன்னு நெனச்சேன்.”

ஒரு தடவை ஆயிற்று. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவளிடமே சொல்லிப் பைசல் செய்தேன். மூன்றாம் நாள் அவளே என்னைத் தூரத்தில் பார்த்துவிட்டு, “வா சாரு, நீ சொல்ற அது இன்னிக்கு இல்ல, வெல கம்மிதான்” என்றாள். நான்காம் நாளிலிருந்து என் கையில் வேறு சொல் இருந்தது. அவள் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

ஷேர் ஆட்டோவில் பேசினால் மற்றவர்கள் இறங்கிவிடுகிறார்கள். வங்கியில் பேசினால் அவர்கள் இந்தியில் பதில் சொல்கிறார்கள். ஆகவே பெரும்பாலான சொற்கள் என் மனைவியின் மேல்தான் பைசலாயின. காலையில் நடக்க வருவதற்கு அவள் ஏன் ரெலக்டன்டாக, அதாவது மனசில்லாமல், இருக்கிறாள் என்று கேட்டேன்.

“முட்டி வலிக்குது. அதுக்கு இங்கிலீஷ்ல என்னா பேரோ அதையும் எழுதிக்குங்க” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உயிரோட இருக்கற மனுஷங்ககிட்டதான் சொல்லணும்னு சட்டம் போட்டுக்கிட்டு என்கிட்ட வந்து சொல்றீங்களே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றாள்.

இதற்கிடையில் மகள் உண்டாகியிருக்கிறாள் என்று செய்தி வந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பெண். அவளுக்கும் ஆறு வருஷமாகியிருந்தது. என் மனைவி அன்றைக்கு முட்டிவலியை மறந்து மூன்று கோயிலுக்குப் போய்வந்தாள். நானும் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் சம்பந்தி என்னோடு பேசுவதை நிறுத்தி அப்போது ஐம்பத்தெட்டு நாள் ஆகியிருந்தது.

முதல் பிரசவம் தாய் வீட்டில். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, பெண்ணைப் பெற்றவர்கள் போய் அழைத்து வரவேண்டும். அதற்கு மாமனார் வீட்டில் அனுப்பவேண்டும். ஏழாம் மாதம் பிறந்தது. நல்ல நாள் கேட்டு என் மனைவி போன் செய்தாள். சம்பந்தி அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அவுங்ககிட்டதான் கேக்கணும் அண்ணி” என்றார். சம்பந்தி என்ன சொன்னார் என்பதை வழக்கம்போல மச்சான் கொண்டுவந்தான்.

“மாமா, அவரு அனுப்ப மாட்டேன்னு சொல்லல. ‘அவரே நேர்ல வந்து கேக்கட்டும். நாலு பேர் நடுவுல அறுபத்து மூணுன்னாரே, அது பொய்யின்னு ஒரு வார்த்த சொல்லட்டும்’ங்கறாரு.”

“பொய் இல்லையே.”

“இப்ப அதுவா மாமா முக்கியம்?”

அன்று மகளும் போனில் பேசினாள். “அப்பா, எனக்கு அம்மாகிட்ட இருக்கணும்போல இருக்கு. இங்க நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா ராத்திரி கால் மரத்துப்போனா யாரை எழுப்பறதுன்னு தெரியல. ஒரு சாரி சொல்லிடுங்களேன்பா.”

சாரி என்பது எல்லோரும் சொல்வது. பேருந்தில் காலை மிதித்தாலும் அதைத்தான் சொல்கிறார்கள். என் பதிவேட்டில் அன்றைக்கு ஆயிரம் சொற்கள் இருந்தன. காய்ச்சல் வந்த நான்கு நாளைக் கழித்து, இருநூறு நாளின் உழைப்பு. அறுபத்து நான்கு பைசல், தொள்ளாயிரத்து முப்பத்தாறு நிலுவை. நிலுவையைப் புரட்டிப் பார்த்தால் வருத்தம் தெரிவிக்கிற சொற்களாகவே தட்டுப்பட்டன. ரிக்ரெட் இருந்தது. ரிமோர்ஸ் இருந்தது. கன்ட்ரைட் இருந்தது. தெரியாமல் நேர்ந்துவிட்டது என்பதற்கு இன்அட்வர்டன்ட், பெருந்தன்மையுள்ளவர் என்பதற்கு மேக்னானிமஸ். இவற்றை மீன்காரம்மாவிடம் சொல்ல வழியே கிடையாது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மகளுக்காக எழுதப் போகிறோம் என்ற எண்ணத்தோடு, ஒரே கடிதத்தில் இத்தனை நிலுவை குறையும் என்ற எண்ணமும் எனக்கு வந்தது. எது முதலில் வந்தது என்று இப்போது சொல்ல முடியவில்லை.

இரண்டு நாளில் ஒரு பக்கக் கடிதம் தயாராயிற்று. இருபத்திரண்டு புதுச் சொற்கள். அறுபத்து மூன்று பொய் என்று மட்டும் எழுதவில்லை. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்விட்டேன். அஞ்சலகத்துக்குப் போய், ஒப்புகை அட்டையோடு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். இப்போது ரிஜிஸ்டரை ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்களாம்; அப்போது தனியாக இருந்தது. முப்பத்தாறு வருஷத்தில் முக்கியமான எந்தக் காகிதத்தையும் நான் வேறு மாதிரி அனுப்பியதில்லை. கிடைத்ததற்கு அவர் கையெழுத்துப் போட்ட அட்டை நம் கையில் இருக்கவேண்டாமா?

மூன்றாம் நாள் மகள் போன் செய்தாள்.

“அப்பா, என்னாப்பா அனுப்புனீங்க? போஸ்ட்மேன் வந்து கடலூர்லேந்து ரிஜிஸ்டர், கையெழுத்துப் போடுங்கன்னாரு. மாமா அனுப்புனவர் பேரப் பாத்துட்டு அப்படியே நின்னுட்டாரு. என்னை அனுப்பலேன்னு நீங்க வக்கீல் நோட்டீஸ் விட்டுட்டீங்கன்னு நெனச்சுக்கிட்டாரு. வாங்க மாட்டேன்னுட்டாரு.”

“மன்னிப்புக் கடிதம்மா அது.”

“மன்னிப்பை யாராவது ரிஜிஸ்டர்ல அனுப்புவாங்களாப்பா?”

கடிதம் திரும்பி வந்தது. உறையின் மேல் ‘வாங்க மறுத்தார்’ என்று எழுதியிருந்தது. ஒட்டியிருந்த அட்டை கையெழுத்தில்லாமல் கூடவே வந்தது. என் மனைவி உறையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“வாங்க மறுத்தாலும் சட்டப்படி சேந்ததாத்தான் அர்த்தம்” என்றேன்.

“அப்ப சட்டத்தையே போயி அவளுக்கு வளையல் போடச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு என்னோடு உட்கார்ந்து சாப்பிடாமல் எனக்குத் தனியாகத் தட்டு வைத்தாள். நாற்பத்து மூன்று வருஷத்தில் அப்படி வைத்தது அது ஐந்தாவது முறை.

மறுநாள் காலை அதே உறையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பேருந்தில் ஏறினேன். வழியில் முப்பத்தெட்டு வேகத்தடை. ஒவ்வொன்றிலும் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஆலப்பாக்கம் தாண்டும்வரை எல்லாம் ஒழுங்காக வந்தது. புதுச்சத்திரத்துக்குப் பிறகு ரிமோர்ஸும் ரிக்ரெட்டும் இடம் மாறிக்கொண்டன. சிதம்பரத்தில் இறங்கும்போது என்னிடம் மேக்னானிமஸ் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

சம்பந்தி வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். கையில் சிவப்புப் பேனா. நாளிதழில் இருக்கும் தவறுகளைச் சுழிப்பது அவர் வழக்கம். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“வாங்க” என்றார். வாங்க சம்பந்தி என்று சொல்லவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தோம். சம்பந்தி அம்மா, “வாங்கண்ணே” என்று சொல்லிவிட்டுக் காப்பியோடு வந்தார். என் மகள் சமையலறை நிலைப்படியில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். வயிறு நான் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. கால்கள் வீங்கியிருந்தன. அதைப் பார்த்ததும் மேக்னானிமஸும் போய்விட்டது.

காப்பி டம்ளரில் ஏழு முழுங்கு இருந்தது. ஏழையும் குடித்து முடித்தேன்.

“பொண்ணை அழைச்சிக்கிட்டுப் போகணும் சம்பந்தி. அதான் கேக்க வந்தேன்.”

“கேளுங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்னு சொல்லியனுப்பியிருந்தேன்.”

“ஆமா.”

“அன்னிக்கு நீங்க சொன்ன கணக்கு.”

நான் மகளைப் பார்த்தேன். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். பொய் என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானம் செய்துகொண்டுதான் வாயைத் திறந்தேன்.

“அறுபத்து மூணு இல்ல சம்பந்தி” என்றேன்.

அவர் முகம் இளகியது. மகள் மூச்சை விட்டாள். அந்த இடத்தில் நிறுத்தியிருக்கவேண்டும். ஆனால் காரணம் சொல்லாமல் ஒரு எண்ணைத் திருத்துவது எனக்குப் பழக்கமில்லை.

“நடுவுல கரண்ட் போயி ரெண்டு நிமிஷம் மைக் கேக்கல. அதுல எத்தனை வந்துதுன்னு எனக்குத் தெரியாது. அதனால அறுபத்து மூணுன்னு உறுதியா சொன்னது என் தப்பு.”

மகள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். சம்பந்தி சிவப்புப் பேனாவை மூடி, திறந்து, மறுபடி மூடினார். நான் பேருந்து நேரத்தை நினைத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பதினொன்று பத்துக்கு ஒன்று, பதினொன்று முப்பதுக்கு ஒன்று.

அப்போது சம்பந்தி அம்மா காலி டம்ளரை எடுக்கக் குனிந்தவர், “நாலு” என்றார்.

“என்னா நாலு?” என்றார் சம்பந்தி.

“மைக் கேக்காதப்ப. நான் பக்கத்துலதான நின்னுக்கிட்டு இருந்தேன். நாலு ஆக்சுவலி. மொத்தம் அறுபத்தேழு.” டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. “அண்ணன் ஒரு நாள் எண்ணுனாரு. நான் முப்பத்தஞ்சு வருஷமா எண்ணறேன். கேஸ் சிலிண்டர் புக் பண்றதுக்குப் போன் பண்ணாக்கூட மூணு வருது.”

நிலைப்படியிலிருந்து என் மகளும் சிரித்துவிட்டாள். சிரித்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். சம்பந்தி இரண்டு பெண்களையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. ஆனால் என்மேல் இருந்த கோபத்தை எத்தனை பேருக்குப் பங்கு போடுவது என்ற யோசனை முகத்தில் தெரிந்தது.

“அந்தத் தபால்ல என்னா எழுதியிருந்தீங்க?” என்றார்.

உறையை எடுத்துக் கொடுத்தேன். பிரிக்கவில்லை. அட்டையை மட்டும் தொட்டுப் பார்த்தார்.

“நோட்டீஸ் இல்லியே?”

“மன்னிப்பு.”

“இங்கிலீஷ்லயா?”

“ஆமா.”

“படிச்சுட்டுச் சொல்றேன்” என்றார்.

அவ்வளவுதான். பதினொன்று முப்பது பேருந்தில் திரும்பினேன். படித்துவிட்டு என்ன சொல்வார் என்று என் மனைவி கேட்டாள். தெரியாது என்றேன். வாய்தா வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. தட்டை நினைத்துச் சொல்லவில்லை.

ஐந்து நாள் எந்தத் தகவலும் இல்லை. அந்த ஐந்து நாளும் நான் புதுச் சொல் எழுதவில்லை. இருபத்தைந்து சொல் குறைந்தது. ஆறாம் நாள் தபாலில் ஓர் உறை வந்தது. சாதாரணத் தபால்தான், ஐந்து ரூபாய் ஸ்டாம்பு. உள்ளே என் கடிதம். அதில் நான் எழுதிய நீல மையைத் தேடித்தான் கண்டுபிடிக்கவேண்டும். எல்லா இடமும் சிவப்பு.

உட்கார்ந்து படித்தேன். இருபத்திரண்டு புதுச் சொற்களில் ஒன்பது சரி, பதின்மூன்று தவறு. பொருள் தவறில்லை, இடம் தவறு என்று எழுதியிருந்தார். ரிக்ரெட், ரிமோர்ஸ், கன்ட்ரைட் மூன்றையும் நான் ஒரே வாக்கியத்தில் வைத்திருந்தேன். ‘ஒருவர் மூன்று சட்டையை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்தால் அவருக்குக் குளிர் என்று தோன்றுமே தவிர, நன்றாக உடுத்தியிருக்கிறார் என்று தோன்றாது’ என்று ஓரத்தில் ஆங்கிலத்தில் குறிப்பு. மேக்னானிமஸுக்குப் பக்கத்தில், ‘ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. கொடுத்த பிறகு சொல்லவேண்டும்.’ இதெல்லாம் அகராதியில் இல்லை. எடுத்துக்கொள்ளவேண்டியதுதான். பதின்மூன்றையும் நிலுவைக்கே திருப்பினேன்.

ஆனால் இரண்டு இடத்தில் அவர் அடித்திருந்ததை என்னால் ஏற்க முடியவில்லை. கடிதத்தின் முதல் வரியில் ‘ஐ ஆம் டு ஸ்டேட்’, தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், என்று ஆரம்பித்திருந்தேன். அதற்கு ஒரு மதிப்பெண் போச்சு. கடைசி வரியில் ‘டு த நீட்ஃபுல்’, ஆவன செய்யவும் என்று கேட்டிருந்தேன். அதற்கும் ஒன்று. இந்த இரண்டும் நான் புதிதாகக் கற்றவை அல்ல. முப்பத்தாறு வருஷம் நான் எழுதியவை. அவை தவறு என்றால் கடலூர் மாவட்டத்தில் ஒரு கோப்பாவது நகர்ந்திருக்குமா?

அடியில் வட்டம் போட்டு, நூற்றுக்கு ஐம்பத்தெட்டு. அந்த இரண்டையும் சேர்த்தால் அறுபது. அறுபது என்றால் முதல் வகுப்பு.

“ஏங்க, என்னா போட்டிருக்காரு?” என்று என் மனைவி வந்து நின்றாள்.

“ஐம்பத்தெட்டு. ரெண்டு மார்க்கு அநியாயமா குறைச்சிருக்காரு.”

அவள் காகிதத்தைப் பிடுங்கினாள். அவள் அந்தக் காலத்துப் பதினொன்றாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள். மதிப்பெண்ணுக்குக் கீழே, நான் பார்க்காத இடத்தில், சின்னதாக இரண்டு வரி இருந்தது. விரலை வைத்துப் படித்தாள். ஐப்பசியில் இரண்டாவது வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது, வளைகாப்பைச் சிதம்பரத்திலேயே வைத்துக்கொண்டு அன்றைக்கே பெண்ணை அழைத்துப் போகலாம் என்று எழுதியிருந்தார். அவள் காகிதத்தை என் மடியில் போட்டுவிட்டு மகளுக்குப் போன் செய்ய ஓடினாள். முட்டிவலியைப் பற்றிப் பேச்சே இல்லை.

உறையை உதறினேன். ஒப்புகை அட்டை விழுந்தது. பெறுபவர் கையெழுத்து என்ற இடத்தில் அவருடைய முழுக் கையெழுத்தும் தேதியும் இருந்தன. பதிவேட்டில் கடிதத்தின் பக்கத்திலேயே அதை ஒட்டி வைத்தேன்.

வளைகாப்பு நன்றாக நடந்தது. சம்பந்தி ஆறு நிமிஷம் பேசினார். நான் எண்ணவில்லை, சம்பந்தி அம்மா தூரத்திலிருந்து என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டினார். பேத்தி வயிற்றில் இருந்தபடியே எங்கள் வீட்டுக்கு வந்து, இங்கேயே பிறந்து, ஐந்தாம் மாதம் சிதம்பரத்துக்குப் போனாள். இப்போது அவளுக்குப் பதினான்கு மாதம். சம்பந்தியும் நானும் வாரத்துக்கு இரண்டு தடவை போனில் பேசுகிறோம். பதின்மூன்று சொற்களில் ஒன்பதை அவரிடமே சரியான இடத்தில் சொல்லிப் பைசல் செய்துவிட்டேன்.

அந்த இரண்டு மதிப்பெண்ணுக்கு மறுகூட்டல் கேட்டு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்தான். ‘ஐ ஆம் டு ஸ்டேட்’ என்றுதான் ஆரம்பிக்கிறது. பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் நானூறு நாளுக்கு மேலாக இருக்கிறது. இன்னும் அனுப்பவில்லை.